மினி பைக்குக்கு எழுதிய அறிவித்தல்

11 மே 2006, வியாழன்.
இன்றைய பிழை: வகுப்பு முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன். பலகையில் இருந்ததில் பாதியைத்தான் எழுதினேன்.
நாளைய வேலை: மிச்சத்தை நீலவேணியிடம் கேட்டு வாங்குவது.

இல்ஃபோர்ட் போகிற பஸ்ஸின் மேல்தட்டில் இருந்துகொண்டு கஜந்தினி இதை எழுதினாள். ஒவ்வொரு நாளும் பக்கத்தின் மேலே அன்று விட்ட பிழை, கீழே மறுநாள் செய்ய வேண்டிய வேலை. இந்தப் பழக்கம் தன்னைத் திருத்துகிறதா அல்லது தன் பிழைகளைப் பட்டியல் போட்டுப் பத்திரப்படுத்துகிறதா என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு. எழுதுவதை மட்டும் விடவில்லை.

வயது இருபத்திரண்டு. லண்டனுக்கு வந்த ஐந்து வருடமாகப் பெரியப்பா குகதாசனின் வீட்டில்தான் இருக்கிறாள். பகலில் அவருடைய பலசரக்குக் கடையில் டில்லில் நின்று காசு வாங்குவாள். செவ்வாயும் வியாழனும் மாலையில் கல்லூரியில் சட்டம் படிப்பாள். வகுப்பு ஒன்பது மணிக்கு முடியும். கடையின் ஷட்டரும் ஒன்பது மணிக்குத்தான் இறங்கும். பெரியப்பாவுக்கு அடிமுதுகில் நாரி நோ, ஷட்டரை இழுக்க ஏலாது. அதனால் எட்டு நாற்பதுக்கே அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கடையில் அரிசி மூடைகளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்து நடுவில் நிறுத்தியிருந்தார் குகதாசன். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள். சிவப்பு நிறம், பெட்ரோல் எஞ்சின், பக்கவாட்டில் இரண்டு மஞ்சள் கோடுகள். மினி மோட்டோ என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வருடம் லண்டன் முழுக்க அதுதான் பைத்தியம். அரிசி தருகிற மொத்த வியாபாரி ஒருவர் முந்தின வாரம் அவர் தலையிலும் பன்னிரண்டைக் கட்டிவிட்டிருந்தார்.

"வாற சனம் எல்லாம் இதைத் தடவிப் பாக்குது, இன்சூரன்ஸ் வேணுமோ எண்டு கேக்குது, போகுது," என்றார் குகதாசன். "உதைப் பற்றி உங்கட வகுப்பில ஒண்டும் சொல்லேல்லையோ, பிள்ளை?"

"நேற்றுத்தான் பெரியப்பா தொடங்கினவை. மோட்டார் வாகனம் எண்டால் என்னெண்டு."

"பாத்தியே. என்ன சொன்னவை?"

கஜந்தினி கொப்பியைத் திறந்து வாசித்தாள். வீதியில் ஓட்டுவதற்கென உத்தேசித்த, அல்லது அதற்கென மாற்றியமைத்த, இயந்திரத்தால் ஓடும் வாகனமே மோட்டார் வாகனம்.

குகதாசன் பெட்டியைக் காலால் திருப்பினார். வீதியில் ஓட்டக்கூடாது என்று பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. "என்ன போட்டிருக்கு? ரோட்டில ஓடப்படாது. அப்ப இது ரோட்டுக்கெண்டு செய்ததில்லை. அப்ப மோட்டார் வாகனமில்லை. அப்ப இன்சூரன்ஸ் என்னத்துக்கு, லைசென்ஸ் என்னத்துக்கு?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததே அவளுக்கு உறுத்தியது. "இன்னும் கொஞ்சம் எழுதினவை பெரியப்பா. நான் அதுக்கிடையில வெளிக்கிட்டிட்டன்."

"மிச்சம் என்னத்தை இருக்கப்போகுது? உவை ஒரு வசனத்தைப் பத்துத் தரம் சொல்லுவினம். நீ இதை வடிவாத் தமிழில எழுதித் தா."

அவளுடைய கையெழுத்து அழகானது. கோவில் திருவிழாவா, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டியா, எந்த அறிவித்தலும் அவளிடம்தான் வரும். அவள் எழுதினாள்: இந்த வாகனம் வீதிப் பாவனைக்கெனத் தயாரிக்கப்படவில்லை. ஆகவே சட்டப்படி இது மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸ், இன்சூரன்ஸ் தேவையில்லை.

குகதாசன் வாசித்துத் தலையாட்டினார். பிறகு தன் பேனாவை எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தார்: சட்டம் படித்தவரால் சரிபார்க்கப்பட்டது.

"நான் இன்னும் படிச்சு முடிக்கேல்லை, பெரியப்பா."

"படிக்கிறாய்தானே. பொய்யில்லையே."

அறிவித்தலைச் சுவரில் ஒட்டினார்கள். வாங்குகிறவர்களுக்கு ரசீதோடு குத்திக் கொடுக்க முப்பது பிரதியும் எடுத்தார்கள். இங்கே வந்து எத்தனை வருடமானாலும் எங்கள் சனத்துக்கு ஒரு குணம் உண்டு. கவுன்சில் கடிதமென்றாலும் வங்கிக் கடிதமென்றாலும் ஆங்கிலத்தில் வந்தால் பயப்படுவார்கள். அதையே தெரிந்த பிள்ளை தமிழில் எழுதிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். அது எழுதிய பிள்ளைக்கும் தெரியும். ஆறு நாளில் பத்துப் பெட்டி போய்விட்டது.

செவ்வாய் வகுப்புக்கு வராத பக்கத்து மேசை நீலவேணி அடுத்த வியாழக்கிழமை தன் கொப்பியை நீட்டினாள். நீலவேணி மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்து, கவுன்சிலில் வேலை எடுத்து இங்கேயே தங்கிவிட்டவள்.

"போன வாரம் நீ போனதுக்கு அப்புறந்தான் முக்கியமானதே வந்துச்சு, கஜா. கம்பெனிக்காரன் பெட்டியில என்னா எழுதுனாலும் கோர்ட்டு அதோட விட்டுடாதாம். சாதாரண ஆளு ஒருத்தன் அதப் பார்த்து, இத ரோட்டுலயும் ஓட்டுவாங்கன்னு நெனச்சான்னா, அது மோட்டார் வாகனம்தான். பேவ்மெண்டும் ரோட்டோட சேர்ந்ததுதானாம். பார்க்குலயும் கூடாது. சொந்த எடத்துல, இல்லாட்டி எடத்துக்காரன் சம்மதிச்சா ஓட்டலாம். அவ்வளவுதான்."

கஜந்தினி வாசித்துக்கொண்டே இருந்தாள். வெறும் எட்டு வரிகள்.

"என்னா மூஞ்சி இப்படிப் போச்சு? நீ ஒன்னு வாங்கிட்டியா?"

"இல்லை. வித்திட்டம்."

நீலவேணி சிரித்தாள். பிறகு அது பகிடியில்லை என்று விளங்கி நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கஜந்தினி பெரியப்பாவிடம் சொன்னாள். அவர் மிளகாய்த்தூள் பைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"தங்கட தோட்டத்துக்குள்ள ஓட்டினால் பிழையோ?"

"இல்லை."

"அப்ப நாங்கள் எழுதினதில பெரிய பொய்யில்லை. இன்னும் ரெண்டுதான் கிடக்கு. அது போகட்டும். பிறகு நீ விரும்பினபடி எழுது."

"பேவ்மெண்டில ஓட்டினால் பிடிப்பினம், பெரியப்பா."

"பத்துப் பேர் கொண்டுபோட்டினம். ஆரும் திரும்பி வந்து சண்டை பிடிச்சவையே?"

அறிவித்தலைக் கழற்ற அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். அந்த நேரம் வெந்தயம் கேட்டு ஒரு அம்மா வந்தார். அவரை அனுப்பியதும் டெலிபோன் கார்ட் வாங்க இரண்டு பேர். மத்தியானம் பால் வான் வந்தது. கதிரை சும்மா கிடந்தது. பின்னேரம் யாரோ அதை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். வேலையைத் தானே மெல்லத் தள்ளிப்போடுவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அன்றைய பக்கத்தின் அடியில் எழுதினாள்: நாளைய வேலை, அறிவித்தலைத் திருத்தி எழுதுவது.

மறுநாள் சனிக்கிழமை, இருபதாம் திகதி, சண்முகராசா கடைக்கு வந்தார்.

பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலை ஒன்றில் வான் ஓட்டுகிறவர். விடியப்புறம் நாலு மணிக்கு வேலை தொடங்கினால் மத்தியானம் வரை கடை கடையாகப் பாண் இறக்குவார். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பைல் இருக்கும். பாஸ்போர்ட் பிரதி, வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் தடுப்பூசி அட்டை எல்லாம் அதற்குள். ஒரு தாளைத் தொலைத்தால் நாட்டிலேயே இருக்க முடியாமல் போகலாம் என்று பல வருடம் பயந்து வாழ்ந்த மனிதர்.

அவர் அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தார். பிறகு டில்லுக்கு வந்தார். "தங்கச்சி, இது உங்கட எழுத்தோ?"

"ஓம், அண்ணை."

"அப்ப பயமில்லை. நீங்கள் லோ படிக்கிறியள் எண்டு என்ர மனிசி கனகவல்லியும் சொன்னவ. எனக்கு லைசென்ஸ் கிடைச்சுப் பதினாலு மாசம். நாலு தரம் பெயில் விட்டு எடுத்தது. அதில ஒரு கீறல் விழப்படாது பாருங்கோ."

"உங்கட வளவுக்குள்ள ஓட்டுறதெண்டால் ஒண்டுமில்லை, அண்ணை," என்றாள் கஜந்தினி. அவள் டில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கெங்க வளவு? பிளாட்தானே. பார்க்குக்குத்தான் கொண்டுபோவன். மகள் தர்ஷினிக்குப் பத்தாவது பிறந்தநாள். ரோட்டில இறக்கவே மாட்டன்."

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். பார்க்கிலும் ஓட்ட ஏலாது, அண்ணை என்று நாலு சொல். பெரியப்பா பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அவள் ரசீதோடு அறிவித்தலின் பிரதியைச் சேர்த்து ஸ்டேப்ளரை அழுத்தினாள்.

சண்முகராசா அந்தப் பிரதியைப் பைலில் வைக்கவில்லை. கசங்கிவிடும் என்று லாமினேட் பண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு காலை அவர் மினி பைக்கைப் பார்க்குக்குக் கொண்டுபோனார். மகளை ஏற்ற முன் தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பொறுப்பான தகப்பன் அப்படித்தான் செய்வான். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வர, பேவ்மெண்டில் இருநூறு மீட்டர் தூரம், நடக்கிற வேகத்தில் போனார். தர்ஷினி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். பார்க் வாசலில் பொலிஸ் கார் நின்றது.

அவர் பதறவில்லை. இறங்கி, எஞ்சினை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மரியாதையாக நீட்டினார். பொலிஸ்காரர் அதை வாங்கி ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மற்றப் பக்கமும் பார்த்தார். பிறகு அதைவிட மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

பைக்கை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆகஸ்டில் நீதிமன்ற அழைப்பு வந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டியது. அதற்கு லைசென்ஸில் குறைந்தது ஆறு தண்டனைப் புள்ளி. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி விழுந்தால் லைசென்ஸே இரத்தாகும். முதலிலிருந்து எல்லாச் சோதனையும் திரும்ப எடுக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவனுக்குப் பாண் வானில் இடமில்லை.

பைக்கைப் பொலிஸ் பிடித்த கதை கஜந்தினிக்கு ஜூன் மாதமே தெரியவந்தது. அன்றே அவள் பக்கத்தின் அடியில் எழுதினாள்: நாளைய வேலை, சண்முகராசா அண்ணையைப் போய்ப் பார்ப்பது. அந்த வரி ஜூனில் பதினொரு தரம் வருகிறது. ஜூலையில் நாலு தரம். ஆகஸ்டில் இல்லை. சுவரில் அறிவித்தல் அப்படியே இருந்தது. பன்னிரண்டாவது பெட்டியை யாரும் வாங்கவில்லை. அதன்மேல் அரிசி மூடை வைத்திருந்தார்கள்.

செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை பின்னேரம், கனகவல்லி கடைக்கு வந்தாள். சண்முகராசாவின் மனைவி. முதியோர் இல்லமொன்றில் பகல் ஷிப்ட் முடித்து, நீல நிற யூனிபோமோடே வந்திருந்தாள். கூடை எடுக்கவில்லை. நேரே டில்லுக்கு வந்து அந்த லாமினேட் அட்டையை மேசையில் வைத்தாள்.

"நாளைக்குக் கேஸ்," என்றாள். "லைப்ரரியில இலவசமாச் சட்டம் சொல்லுற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டு கதைச்சனாங்கள். பிழையை ஒத்துக்கொள்ளத்தான் வேணுமாம். ஆனால் இவரை ஆரோ பிழையா நம்பப் பண்ணினது எண்டு காட்டினால், சில நேரம் புள்ளி போடாமல் விடுவினமாம். உறுதி சொல்ல ஏலாதாம். எழுதின ஆளே வந்து சொன்னால் நல்லதாம்."

குகதாசன் உள்ளேயிருந்து வந்தார். "இருங்கோ தங்கச்சி, தேத்தண்ணி போடச் சொல்லுறன்."

"தேத்தண்ணி வேண்டாம் அண்ணை. காலமை ஆறு மணியில இருந்து மற்றவைக்குப் போட்டுக் குடுத்திட்டுத்தான் வாறன்."

"பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுக்காதேங்கோ. அவள் இனித்தான் முன்னுக்கு வரவேணும். லோ படிக்கிற பிள்ளையின்ர பேர் அங்க பதிஞ்சால் என்ன நினைப்பினம்?"

"எங்கட வீட்டுக்காரர் முன்னுக்கு வந்து முடிஞ்சுதோ, அண்ணை? காலமை மூண்டு மணிக்கு எழும்புற மனிசன் இப்ப நித்திரையே கொள்ளுறேல்லை. பைலை விரிச்சு வைச்சுக்கொண்டு ஒவ்வொரு தாளாத் தடவிக்கொண்டிருக்கிறார். இதில எது பிழையெண்டு என்னைக் கேக்கிறார்."

கஜந்தினி அட்டையைப் பார்த்தாள். தன் எழுத்துத்தான். ஒரு கொம்பு, ஒரு சுழி பிழையில்லாமல், பள்ளிக்கூடப் பரிசுக்கு எழுதியது போல இருந்தது.

"அக்கா," என்றாள். "எழுதேக்க எனக்கு முழுக்கத் தெரியாது. அது உண்மை. ஆனால் அண்ணை வந்து வாங்கினது மே இருபது. எனக்குப் பதினெட்டாம் திகதியே தெரியும். பார்க்குக்குக் கொண்டுபோறன் எண்டு அவர் சொல்லேக்க நான் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்."

"உனக்கென்ன விசரே," என்றார் குகதாசன் மெதுவாக.

கனகவல்லி கோபப்படுவாள் என்று கஜந்தினி எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கனகவல்லி அரிசி மூடையொன்றின் விளிம்பில் இருந்துவிட்டாள். கால் நோவு போலிருந்தது. கொஞ்ச நேரம் சப்பாத்தின் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டம் தெரியாதவன் பத்துப் பேரைக் கேட்டுக் கேட்டுத்தான் நடப்பான், பிள்ளை," என்றாள். "அவனால ஒருத்தருக்கும் கெடுதி இல்லை. பாதி தெரிஞ்சவை முழுக்கத் தெரிஞ்ச மாதிரி எழுதிக் குடுக்கிறதும், பிழையெண்டு கண்ட பிறகும் வாயை மூடிக்கொண்டு நிக்கிறதும்தான் எங்கட சனத்தை விழுத்துறது. எங்களை வெள்ளைக்காரன் ஏமாத்தேல்லை. எங்கட எழுத்துத்தான் ஏமாத்தினது."

கனகவல்லி குனிந்து நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"நாளைக்கு வந்து சொல்லுவியோ?"

"வாறன், அக்கா."

"அந்தப் பதினெட்டாம் திகதிக் கதையையும்?"

அதைச் சொன்னால் தன் படிப்புக்கு என்ன ஆகும் என்று கஜந்தினிக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டால் இன்னொரு பாதியை எழுதிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

"ஓம். அதையும்."

கனகவல்லி எழும்பினாள். நன்றி சொல்லவில்லை. அட்டையைத் துடைத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

கஜந்தினி உள்ளே போய்க் கதிரையைக் கொண்டுவந்தாள். இந்த முறை ஒருவர் மிளகு கேட்டு வந்தார். "ரெண்டு நிமிஷம் நில்லுங்கோ," என்று சொல்லிவிட்டு ஏறி, அறிவித்தலை நாலு மூலையும் கிழியாமல் உரித்து எடுத்தாள். அது இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது.

"கடைப் பேர் சொல்லுவியோ?" என்று கேட்டார் குகதாசன்.

"கேட்டால் சொல்லவேணும், பெரியப்பா."

"கேப்பினம்." அவர் அரிசி மூடையைத் தள்ளி, பன்னிரண்டாவது பெட்டியைப் பார்த்தார். "அடியில அந்த ஒரு வரி என்ர எழுத்து. அதையும் சொல்லு. நீ எழுதினதெண்டு நினைச்சிடப் போகினம்." பிறகு நாரியைப் பிடித்துக்கொண்டு, "வகுப்புக்கு நேரமாகுது. ஷட்டருக்கு நான் ஆரையாவது கூப்பிடுறன். நீ முடிய இருந்து வா," என்றார்.

அன்று மாலை வகுப்பு தொடங்க முன், நீலவேணிக்குப் பக்கத்து மேசையில் இருந்து அவள் எழுதினாள்.

12 செப்டெம்பர் 2006, செவ்வாய்.
இன்றைய பிழை: இன்றையது அல்ல. மே பதினெட்டில் தெரிந்துகொண்டதை இன்றுதான் சொன்னேன். பாதியை முழுமை என்று எழுதிக் கொடுப்பதும் ஏமாற்றுத்தான்.
நாளைய வேலை: காலை ஒன்பதரைக்கு நீதிமன்றம். அறிவித்தலின் மூலப் பிரதியையும் மே மாதக் கொப்பியையும் எடுத்துச் செல்வது. பதினெட்டாம் திகதிப் பக்கத்தில் அடையாளம் வைப்பது. கேட்பதற்கெல்லாம் முழுதாகப் பதில் சொல்வது. முடியும்வரை எழுந்து வராமல் இருப்பது.